கையைக் கடிக்காத ஹொலிடே

இருங்கோ பிள்ளை, இருங்கோ. இந்தப் பையை இஞ்சால எடுக்கிறன், தாராளமா இருங்கோ. தமிழ்தானே? ஃபோனிலை ஆரோடயோ கதைச்சுக்கொண்டு வந்தியள், காதிலை விழுந்தது. இந்தியாவோ? ஓ, திருச்சி. யேர்மனியிலை படிக்கிறியளோ? நல்லது, நல்லது. டென்மார்க்கின்ர ஒரு மூலையிலை, இந்த ரீப ஸ்டேசனிலை ஒரு தமிழ்க் குரலைக் கேட்பன் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. கடவுளாப் பார்த்துத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்.

பிள்ளை, ஊருக்குள்ளாலதானே வாறியள்? வழியிலை எங்கட ஆள் ஒருத்தரைக் கண்டனீங்களோ? வயசான மனுசி. தனிய. சேர்ச்சடியிலை, ஆத்தங்கரையிலை, எங்கயாவது? காணேல்லையோ. என்ர மனுசிதான். யோகராணி. ராணி எண்டுதான் கூப்பிடுறது. என்ன உடுப்போ? கோட் போட்டிருந்தவ. அது வந்து... பொறுங்கோ, ஞாபகம் வரும்.

மத்தியானம் தொடக்கம் இதிலை குந்திக்கொண்டு இருக்கிறன். எஸ்பியருக்குப் போற ரயில் மணித்தியாலத்துக்கு ஒண்டு. வந்து நிக்குது, கதவு திறக்குது, நான் எழும்பி ரோட்டைப் பார்க்கிறன், கதவு பூட்டுது, ரயில் போயிட்டுது. அடுத்ததுக்கும் அவ வராட்டி எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது. உண்மையாத்தான் சொல்லுறன், பிள்ளை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அவ என்னை இப்பிடி ஒரு இடத்திலை விட்டிட்டுப் போனதில்லை.

நீங்களும் எஸ்பியருக்குத்தானோ? அப்ப நேரம் இருக்கு. ஒரு ரோல்ஸ் எடுங்கோ. கூச்சப்படாதேங்கோ, ரெண்டு பெட்டி நிறைய இருக்கு. ஆட்டிறைச்சி வைச்சுச் சுருட்டிப் பொரிச்சது, சாப்பிடுவியள்தானே? அவவின்ர கை. டென்மார்க்கிலை எந்தத் தமிழ் வீட்டிலையும் கேட்டுப்பாருங்கோ, ராணியக்காவின்ர ரோல்ஸ் எண்டால் அதுக்கு ஒரு தனி மரியாதை.

நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்கோ. நான் அவவுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை.

அவவுக்கு வயோதிபர் இல்லத்திலை வேலை. டெனிஷ் கிழவன் கிழவியளுக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கிறது. பாண் வெட்டி, வெண்ணெய் பூசி, முட்டை அவிச்சு, கோப்பி ஊத்தி. போன மார்கழியோட பென்சன் எடுத்தவ. கடைசி நாள் இல்லத்துக்காரர் குடுத்த பூக்கொத்தோட வீட்டை வந்தா. அதை மேசையிலை வைச்சிட்டு, கோட்டும் கழட்டாமல் நிண்டுகொண்டு சொன்னா, "இஞ்சேருங்கோ, கோடையிலை எங்கயாவது போவம். நாங்கள் ரெண்டு பேர் மட்டும்."

நான் பயந்து போனன், பிள்ளை. இந்த மனுசி தனக்கெண்டு ஒண்டு கேட்டு நான் கண்டதில்லை. "எங்க போறது?" எண்டன்.

"தூர வேண்டாம். இந்த நாட்டிலைதான், ரீப மாதிரி ஒரு பழைய ஊர். பக்கத்திலை கடல். அறை எடுத்து நிப்பம். என்னை ஒருத்தருக்கும் தெரியாத இடமா இருக்கோணும். காலமை எழும்பி வர ஆராவது எனக்கு ஒரு கோப்பி ஊத்தித் தரோணும்."

"கோப்பிதானே, நான் ஊத்தித் தாறன்" எண்டன். சிரிச்சா. பகிடி எண்டு நினைச்சிட்டா போல. இல்லை, நான் இன்னும் ஊத்திக் குடுக்கேல்லை. எங்கட வீட்டு மெசினிலை ஒரு பத்துப் பொத்தான் இருக்கு, எதை அமத்திறதெண்டு அவவுக்குத்தான் தெரியும்.

இந்த ஊரிலை அவவுக்கு அப்பவே ஒரு கண். எப்பவோ ஒரு பேப்பரிலை வந்த படத்தை வெட்டிப் பிரிட்ஜிலை ஒட்டி வைச்சவ. ரீபவிலை ஒரு வீட்டு வாசல். அவ்வளவுதான் படம். வேலையாலை வந்து தேத்தண்ணிக்குப் பால் எடுக்கேக்க அதைப் பார்த்துக்கொண்டு நிப்பா.

இனித்தான் கேளுங்கோ, என்ர மூளையை. இந்த நாட்டிலை ஹொலிடே எண்டால் கையைக் கடிக்கும். ஆனால் கையைக் கடிக்காமல் போறதுக்கு எங்கட ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. டெனிஷ்காரன் வரைபடத்தை விரிச்சால் கோட்டை எங்க, கடற்கரை எங்க எண்டு பார்ப்பான். நான் விரிச்சால் ஆர் எங்க இருக்கினம் எண்டுதான் பார்ப்பன். ஹாடஸ்லெவிலை சண்முகராசா, என்னோட ஒரே வாங்கிலை இருந்து படிச்சவன். அங்க நிண்டால் கிறிஸ்தியான்ஸ்பெல் எண்ட பழைய ஊர் கூப்பிடு தூரம். எஸ்பியரிலை கண்டீபன், எனக்கு மச்சான் முறை. அவன்ர வீட்டிலை நிண்டால் பானோத் தீவுக்குப் படகு. நடுவிலை ரீப. ஒரே கல்லிலை ரெண்டு மாங்காய் எண்டு சொல்லுவினம், நான் மரத்தையே உலுப்பிப் போட்டன்.

ஏன் அறை எடுக்கேல்லை எண்டோ? என்ன பிள்ளை நீங்கள், தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற ஊரிலை போய் ஹொட்டேலிலை படுக்கிறதோ? "எங்கட வீடு சிவபாதத்தாருக்குப் போதாமப் போச்சு" எண்டு என்னைச் சொல்லிப்போட்டுப் பிறகு என்ர செத்த வீட்டுக்கும் வரமாட்டினம். உங்கட ஊரிலையும் அப்பிடித்தானே? இந்த நாட்டுக்கு வந்து நான் ஒரு நாளும் ஹொட்டேலிலை படுத்ததில்லை. அது எனக்கு ஒரு பெருமை.

அதுக்காக வெறுங்கையோட போய்ப் படுக்கேலாது. எனக்கும் மானம் ரோசம் இருக்கு. சண்முகராசாவின்ர பேரனுக்குப் பிறந்தநாள் எண்டான். "கடையிலை ஒண்டும் சொல்லாதை, ரோல்ஸ் ராணி செய்வா" எண்டன். கண்டீபன்ர மகளுக்கு இந்தச் சனிக்கிழமை சாமத்தியச் சடங்கு, உங்கட ஊரிலை மஞ்சள் நீராட்டு எண்டுவினம். "பலகாரம் முழுக்க ராணி பார்ப்பா, நீ யோசியாதை" எண்டன். இந்தப் பெட்டியள் அங்க குடுக்கிறதுக்குத்தான், முன்கூட்டியே பொரிச்சது. ரெண்டு வீட்டுக்காரருக்கும் அப்பிடி ஒரு சந்தோசம்.

ராணிக்கோ? சொன்னனான். போகேக்க பஸ்ஸிலை சொன்னனான். முதலே சொன்னால் மனுசி யோசிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளாது எண்டுதான் சொல்லேல்லை. யன்னலாலை வெளிய பார்த்துக்கொண்டே வந்தவ. மனுசி இயற்கையை ரசிக்குது எண்டு எனக்கு நல்ல சந்தோசம்.

அது ஆர்? ரோட்டாலை வாறது? இல்லை. சைக்கிள் உருட்டிக்கொண்டு வேற ஆரோ. என்ர கண்ணும் இப்ப மங்கல்.

கிறிஸ்தியான்ஸ்பெல் பார்த்தனீங்களோ? போங்கோ ஒருக்கால், வடிவான ஊர். ஒரு சமயக் கூட்டம் கட்டினதாம், வீடுகள் எல்லாம் ஒரே மஞ்சள் கல்லு, தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி. தேன் கேக் விக்கிறாங்கள். ராணி பகல் முழுக்கச் சண்முகராசாவின்ர குசினியிலை நிண்டவ, நானும் அவனும் ஹோலிலை இருந்து பள்ளிக்கூடக் கதையள் கதைச்சு முடிக்கப் பின்னேரமாப் போச்சு. கடையள் பூட்டிப்போட்டினம். சுடலை மட்டும்தான் திறந்து கிடந்தது, அதைப் பார்த்தம். ஒரே அளவுக் கல்லுகள், நிலத்தோட படுக்க வைச்சபடி. ஒரு பக்கம் முழுக்க ஆம்பிளையள், மற்றப் பக்கம் முழுக்கப் பொம்பிளையள். புருசன் பெண்சாதி எண்டாலும் பிரிச்சுத்தான் தாட்டிருக்கினம். ராணி பொம்பிளையளின்ர பக்கம் போய் ஒரு மரத்துக்குக் கீழ நிண்டா. கூப்பிடக் கூப்பிட வரேல்லை. "என்னப்பா, இடம் பிடிக்கிறீரோ?" எண்டு பகிடிக்குக் கேட்டன். "நல்ல அமைதியா இருக்கு" எண்டா.

இதை நான் இராச்சாப்பாட்டிலை சொல்ல, சண்முகராசா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சவை. ராணி அடுப்படியிலை நிண்டு பொரிச்சுக்கொண்டு நிண்டவ. எண்ணெய்ச் சத்தத்திலை கேட்டிருக்காது.

கடலும் காட்டினனான். நேற்று சண்முகராசா தன்ர வானிலை எல்லாரையும் ஏத்திக்கொண்டு றூமோ எண்ட தீவுக்குப் போனவன். மணலிலையே காரை ஓட்டிக்கொண்டு போகலாம், பிள்ளை, எனக்கு அதிசயம். ஆனால் கடல் வத்திப்போய் எங்கயோ தூரத்திலை கிடந்தது. பாயை விரிச்சம். ராணி பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினா, ரோல்ஸ் குடுத்தா, சின்னனுகளின்ர வாய் துடைச்சா. நானும் சண்முகராசாவும் ஆறுதலா நடந்து போய்க் கால் நனைச்சிட்டு வந்தம். சுகமான தண்ணி. திரும்பி வர அவன் சொன்னான், ஆறு மணிக்குப் பழைய மாணவர் கூட்டம், சூமிலை, கெதியா வெளிக்கிடோணும் எண்டு. ராணி செருப்பைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டா. பிறகு போட்டுக்கொண்டு வானிலை ஏறினா. ஆரும் கேட்டால் தானும் கடலுக்குப் போனனான் எண்டு அவ சொல்லலாம்தானே? கடலைக் கண்டதுதானே?

நீங்கள் ஏன் என்னை அப்பிடிப் பார்க்கிறியள்?

ஃபோனோ? எடுத்தனான், எடுக்காமல் இருப்பனோ. அவ போன கொஞ்ச நேரத்திலை எடுத்தனான். பக்கத்திலை மணி கேட்குது. திரும்பிப் பார்க்கிறன், ஒருத்தரும் இல்லை. கடைசியிலை பார்த்தால் ரோல்ஸ் பையுக்குள்ளை, ரெண்டு பெட்டிக்கும் இடையிலை செருகிக் கிடக்கு அவவின்ர ஃபோன். மறந்துபோய் வைச்சிட்டா எண்டு நினைக்கிறன். ராணி ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லை. ஆனால் மறந்துதான் இருக்கோணும். வேற என்னத்துக்கு வைக்கிறது?

கோப்பன்ஹேகனிலையிருந்து மகள் எடுத்தவள், "அம்மா எங்க?" எண்டு. "ரோய்லெற்றுக்குப் போயிட்டா" எண்டு பொய் சொன்னன். கண்டீபன் எடுத்துக்கொண்டே இருக்கிறான், "அத்தான், மா குழைச்சு வைக்கட்டோ, அக்கா வந்து குழைப்பாவோ?" எண்டு. அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? என்ர பிரஷர்க் குளிசையும் அவவின்ர கைப்பையுக்குள்ளை. நேரத்துக்கு எடுத்துக் கையிலை தருவா, வாயிலை போட்டு விழுங்கிறதுதான் என்ர வேலை. அது என்ன நிறக் குளிசை எண்டுகூட எனக்குத் தெரியாது, பிள்ளை. எனக்குச் சோறு போட்டுத் தாற ஆள் இல்லையே எண்டு நான் அழேல்லை, அப்பிடி நினைச்சிடாதேங்கோ. எனக்குப் பயமா இருக்கு. பெரிய பயமா இருக்கு.

பொலிசோ? சீச்சீ, பொலிசிட்டை என்னெண்டு சொல்லுறது? அவ துலைஞ்சு போகேல்லை. சொல்லிப்போட்டுத்தான் போனவ.

ஓம், சொன்னவ. இண்டைக்குச் சண்முகராசா எங்களை இதிலை இறக்கிவிட்டிட்டுப் போனாப் பிறகு. "வாங்கோ, ஊரைப் பார்ப்பம்" எண்டா. "அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கு, என்ர முழங்காலும் ஏலாது, இந்தப் பையளை ஆர் பார்க்கிறது? நீர் ஓடிப் போய் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாரும்" எண்டன். அவ போகேல்லை. இதிலை, இப்ப நீங்கள் இருக்கிற இடத்திலை நிண்டவ. நிண்டுகொண்டு சொன்னா, "நான் இஞ்ச ஒரு அறை எடுத்திருக்கிறன். பென்சன் எடுத்த கையோடயே சொல்லி வைச்சிட்டன். கண்டீபன் வீட்டுக்கு நான் வரேல்லை. பையளை இதிலை விட்டிட்டெண்டாலும் நீங்கள் வாங்கோ."

விசர்க் கதைதானே? நீங்களே சொல்லுங்கோ. அங்க சடங்கு வீடு, சாமான் எல்லாம் வாங்கி வைச்சிட்டு நிக்கினம். அந்த நேரம் பார்த்துக் கண்டீபன் எடுக்கிறான், எத்தினை தேங்காய் திருவிறது எண்டு. "பொறும் ராணி, தேங்காய்க் கணக்குக் கேட்கிறான்" எண்டு சொல்லி நான் அவனோட கதைச்சன். அவவும் தன்ரபாட்டிலை என்னவோ சொல்லிக்கொண்டு நிண்டவ. கதைச்சு முடிச்சுத் திரும்பினால், ரோட்டுத் திருப்பத்திலை போய்க்கொண்டு நிக்கிறா. கைப்பை மட்டும்தான். வேகமாப் போகேல்லை. ஒருக்கால் நிண்டு திரும்பிப் பார்த்தவ. நான் கையைக் காட்டினன், கெதியா வாரும் எண்டு.

அதுதான் இருக்கிறன். கோபம் ஆற வருவா. வரத்தானே வேணும்? உடுப்பு எல்லாம் இஞ்ச என்னட்டை. பேப்பர் பிளேட்டிலை சோறும் கட்டி வைச்சிருக்கு. விட்டிட்டுப் போனவதானே திரும்பி வரோணும்? நான் போய்க் கெஞ்சினால் எனக்கு என்ன மரியாதை?

என்ன சொல்லுறியள்?

திரும்பச் சொல்லுங்கோ, பிள்ளை. அவ எனக்காக அந்த அறையிலை வழி பார்த்துக்கொண்டு இருக்கிறா எண்டோ?

அவ அங்கயோ? எனக்காகவோ?

நான் இஞ்ச அவவைப் பார்த்துக்கொண்டு... ஐயோ. பிள்ளை, நான் அப்பிடி யோசிக்கேல்லை. சத்தியமா யோசிக்கேல்லை. இவ்வளவு நேரமும் அவவுக்கு எப்ப கோபம் ஆறும் எண்டுதான் பார்த்துக்கொண்டு இருந்தன். அவ அங்க இருந்துகொண்டு ஒவ்வொரு ரயில் போற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பா, இதிலை ஏறிப் போயிருப்பார், இதிலை ஏறிப் போயிருப்பார் எண்டு. இந்த ஊர் சின்ன ஊர், ரயில் சத்தம் எல்லா இடமும் கேட்கும், என்ன?

ரயில் வருது. அந்தா, லைட் தெரியுது. பிள்ளை, எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. இந்த ரெண்டு பெட்டியையும் நீங்கள் கொண்டு போங்கோ. எஸ்பியரிலை மேடையிலையே கண்டீபன் நிப்பான், மொத்தமான ஆள், கையிலை கோயில் நூல் கட்டியிருப்பான். உங்களை அவனே பிடிச்சிடுவான், ரோல்ஸ் பெட்டியோட இறங்கிற தமிழ்ப் பிள்ளை வேற ஆர்? அத்தான் வரேல்லையாம் எண்டு சொல்லுங்கோ. அக்காவும் வரேல்லையாம். மாவைத் தானே குழைக்கட்டாம். என்ன நினைச்சாலும் நினைக்கட்டும். செத்த வீட்டுக்கு வராட்டி வரவேண்டாம். மற்றப் பையள் இதிலையே கிடக்கட்டும், ஆர் எடுக்கப்போறான்.

எங்க எண்டோ? இடத்தின்ர பேரோ?

சொன்னவ, பிள்ளை. பேர் சொன்னவ. தெருவும் சொன்னவ. நான்தான் தேங்காய்க் கணக்குச் சொல்லிக்கொண்டு நிண்டன்.

பொறுங்கோ, பொறுங்கோ, அந்தப் படம். பிரிட்ஜிலை ஒட்டின படம். அந்த வாசல்தான், அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் பார்த்தவ, அந்த வீட்டிலைதான் அறை எடுத்திருப்பா. அதிலை ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்திலை உயரமா, ஆள் உயரத்துக்கு ஒரு பூச்செடி. கதவு என்ன நிறம்? தினமும் திறந்து பூட்டின பிரிட்ஜ். கதவு என்ன நிறம்? ஐயோ, அதுக்கு மேல நான்தானே எங்கட சங்கத்துக் கலண்டரைக் கொண்டுவந்து ஒட்டினனான். தை மாதம் ஒட்டினது. கீழ கொஞ்சம், வாசல் படி மட்டும் தெரியும்.

நீங்கள் ஊருக்குள்ளால நடந்து வந்தனீங்கள்தானே. ஆள் உயரப் பூ நிக்கிற வாசல் எங்கயாவது கண்டனீங்களோ?

எல்லா வாசலிலையுமோ?

சரி. ஏறுங்கோ பிள்ளை, கதவு பூட்டப்போகுது. பெட்டியைச் சரியாப் பிடியுங்கோ, எண்ணெய் ஒழுகும். நான் முதல் வாசலிலையிருந்து தட்டிக்கொண்டு போறன். கோட்டின்ர நிறமும் தெரியாது, கதவின்ர நிறமும் தெரியாது. ஆரோ ஊத்திக் குடுத்த கோப்பியோட இஞ்ச ஒரு தமிழ் மனுசி இருக்கிறாவோ எண்டு கேட்கிறன். திறப்பினம்தானே?

அறை ரெண்டு பேருக்கும் எண்டுதான் சொன்னவ, பிள்ளை. இல்லையோ? நான் உங்களுக்கு அப்பிடித்தானே சொன்னனான்? நீங்களும் வாங்கோ எண்டவ. அதை நான் வடிவாக் கேட்டனான்தானே?